அத்தான் வீட்டு வைன்

எங்கள் ஊரில் சாராயக் கடைக்குப் பெயர் வைன் ஸ்டோர்ஸ். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். உள்ளே போய் வைன் கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அவரிடம் இருப்பது தென்னஞ்சாராயமும் பியரும்தான். முப்பத்தைந்து வருடம் மட்டக்களப்பில் வாழ்ந்த நான் வெளிநாட்டுப் போத்தல் வைனை முதன்முதலில் வாயில் வைத்தது சமாதானக் காலத்தில், அக்காவின் வீட்டில்.

அக்காவின் கணவர், என் அத்தான், சண்டை உக்கிரமாக இருந்தபோது பாரிசுக்குப் போனவர். பதினொரு வருடம் கழித்து, துவக்குகள் ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் திரும்பி வந்தார். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதில் ஒரு கேவலமும் இல்லை. அந்த உழைப்பில்தான் பிள்ளைகள் படித்தார்கள், வாவிக்கரையில் வீடு எழும்பியது. கேவலம் என்னவென்றால், வந்து இறங்கிய அத்தானுக்குக் கழுவியது மறந்துபோய், அந்தக் கோப்பைகளுக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்ததுதான்.

“மச்சான், இந்த ஊர்ச் சனத்துக்குக் குடிக்கத் தெரியும். ருசிக்கத் தெரியா,” என்றார் ஒருநாள். “நாமதான் பழக்க வேணும்.”

பழக்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த சனம் மூன்று பேர்: ஒரு வங்கி முகாமையாளர், ஒரு நீர்ப்பாசன எஞ்சினியர், நான் இரசாயனம் படிப்பித்த பாடசாலையின் அதிபர். மூவரும் வீட்டில் சாராயப் போத்தலை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் குடிப்பவர்கள். வைன் என்றதும் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. வங்கி முகாமையாளர் வெறும் போத்தல்களைக் கேட்டு வாங்கிப்போய் முன்மண்டபக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினார்.

மாதத்தில் முதல் ஞாயிறு, பின்னேரம் நான்கு மணிக்குக் கூடுவோம். ஊரடங்கு இல்லாத காலம்தான். ஆனாலும் பொழுதுபட முன் வீடு போய்ச் சேரும் பழக்கம் யாரையும் விடவில்லை. பாரிசில் இரவு எட்டுக்குத் தொடங்கும் நாகரிகம் எங்கள் ஊரில் ஐந்தரைக்கு முடிந்துவிடும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம், போத்தலின் பின்பக்கத்து ஆங்கிலத்தைத் தமிழில் வாசித்துச் சொல்வது. செர்ரிப் பழம், புகையிலை, மழை பெய்த மண் என்றெல்லாம் எழுதியிருக்கும். நான் சொல்லச் சொல்ல, எஞ்சினியர் கண்ணை மூடி நாக்கைச் சுழற்றி, “ஓம், ஓம், செர்ரி வருது,” என்பார். கேக்கின் மேல் ஒட்டிய சிவப்புத் துண்டைத் தவிர வேறு செர்ரியை அவர் கண்டிருக்க மாட்டார். அக்கா பொரித்த இறாலுக்கு மிளகாய்த்தூள் போடக்கூடாதென்று அத்தான் தடுத்திருந்தார். ருசி கெட்டுவிடுமாம். கூடவே வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணச் சீஸையும் கடிக்க வேண்டும்.

போத்தல்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும். சோதனைச் சாவடியில் பைகளை இறக்கி வெயிலில் வரிசையாக வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, தகரம் போட்ட பின்னறையில் வாரக்கணக்காகக் கிடக்கும். அந்த அறையில் மத்தியானம் ஒரு மனிதன் கால்மணி நேரம் நிற்க முடியாது. நாலாவது மாதக் கூட்டத்தில், முதல் மடக்கிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மூக்கில் வினாகிரிப் புளிப்பு ஏறியது. அந்த வாரம்தான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு, அற்ககோல் எப்படி அசற்றிக் அமிலமாக மாறுகிறது என்று கரும்பலகை நிறைய எழுதிக் காட்டியிருந்தேன்.

“இந்தப் புளிப்புத்தான் இதின்ட உயிர்,” என்றார் அத்தான்.

“நல்ல உயிர்ப்பு,” என்றார் அதிபர். நானும் தலையாட்டினேன்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அங்கிளும் வந்திருந்தார். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பம், தச்சு வேலை. அத்தான் ஊரில் இல்லாத பதினொரு வருடமும், இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த நாட்களில் அக்காவையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குள் கூட்டிவைத்துக் காத்தவர். யேசு பிறந்த நாளான நத்தாருக்கு, ஒவ்வொரு வருடமும், திராட்சை வத்தலும் இஞ்சியும் சீனியும் சாடியில் ஊறவைத்து, வாயைத் துணியால் கட்டி, ஒன்றரை மாதம் பொறுத்து வடிப்பார். அதற்கும் வைன் என்றுதான் பெயர். அக்கா வீட்டுக்கும் ஒரு போத்தல் வரும். வைன் பற்றிய கூட்டம் என்று கேள்விப்பட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தன் போத்தல் ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு அவராகவே வந்துவிட்டார். அத்தான் அவருக்குக் கதிரை காட்டினார். அவருடைய போத்தலை வாங்கி, மேசையில் வைக்காமல் கீழே, கதிரைக் காலடியில் வைத்தார்.

அங்கிள் ஒரு மடக்குக் குடித்தார். மணந்து பார்த்தார். மறுபடி ஒரு மடக்கு. பிறகு, யாருக்காவது வலிக்கும் என்று நினைக்காமல், மரம் உளுத்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“தம்பி, இது புளிச்சுப் போய்த்து. சூட்டில வச்சிரிக்கீங்க போல.”

அத்தானின் காது சிவந்தது.

“அங்கிள், இது உங்கட நத்தார் இஞ்சித் தண்ணி இல்ல,” என்றார். “இது விளங்கிறதுக்கு வாய் பழகியிரிக்க வேணும்.”

முதலில் சிரித்தவர் வங்கி முகாமையாளர். எஞ்சினியர் சிரித்தார். அதிபர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மெல்லிய சிரிப்பு அல்ல, பல் தெரிய.

அங்கிள் கிளாசை மேசையில் வைத்தார். வட்டமாக ஈரம் படிந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். “சரி மகன், நீங்க இரிங்க. எனக்கு வேலை கிடக்கு,” என்று எழும்பி, குனிந்து தன் போத்தலை எடுத்துக்கொண்டு போனார்.

இறால் தட்டோடு வாசலில் நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தட்டை வைக்காமலே உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் போன பிறகு அத்தான் முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்கு மானம் எண்டு ஒண்டு இரிக்கா?”

“நீ சும்மா இருகா. வைனைப் பத்தி அந்த மனிசனுக்கு என்ன தெரியும்?”

“எனக்கும் ஒண்டும் தெரியாதுதான். ஆனா நான் கொஞ்சம் நக்கிப் பாத்தன். இது அச்சாறுக்குத்தான் சரி.”

சொன்னதைச் செய்தும் விட்டாள். மிச்சப் போத்தல்கள் இரண்டைத் திறந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு அச்சாறு ஊறவைத்தாள். அத்தான் தடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வைன் கெட்டுப்போனது அவருக்கும் தெரியும். பதினொரு வருடம் உணவகத்தில் நின்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டுதான் ஊற்றினார். நாங்களும் தெரிந்துகொண்டுதான் விழுங்கினோம். பொய் இல்லாமல் குடித்தது அங்கிள் ஒருவர் மட்டும்தான்.

அடுத்த மாதமும் கூட்டம் நடந்தது. அதற்கடுத்ததும். அங்கிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த நத்தாருக்கு எங்களுக்குப் போத்தல் வரவில்லை. அக்கா தானே வேலிக் கடவையால் போய்ச் சத்தம் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அக்காவும் அங்கிளும் அவர் வீட்டுக் குசினி அடுப்படியில் நெடுநேரம் இருந்து கதைத்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். என்ன கதைத்தார்கள் என்று அக்கா சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

பிறகு சமாதானம் கிழியத் தொடங்கியது. பகலிலேயே ஆட்களைச் சுட்டுப் போட்டார்கள். கொழும்புப் பாதையில் பஸ் நிறுத்தப்படும் நாட்கள் கூடின. எஞ்சினியர் கண்டிக்கு மாற்றம் எடுத்துக்கொண்டார். அத்தான் விசாவைச் சரிபார்த்து ஒரு கிழமைக்குள் பாரிசுக்குப் புறப்பட்டார். போகும்போது என்னிடம், “இந்த ஊர் திருந்தாது மச்சான்,” என்றார். ஆட்களைச் சுடுவதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வைனை.

மாவட்டத்தின் வடக்கே ஷெல் குண்டு விழ விழ, சனம் காட்டு வழியால் நடந்து வந்து சேர்ந்தது. எங்கள் பாடசாலை முகாமாகிவிட்டது. ஒரு வகுப்பறைக்கு ஆறு ஏழு குடும்பம். கூடாரத் துணியால் மறைத்த கக்கூஸ்களுக்குக் கதவில்லை. பொம்பிளைகள் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு இருந்தார்கள். அதிபர் தச்சுக்காரரைத் தேடினார். வர ஆளில்லை. கடைசியில் அக்கா போய்ச் சொல்ல, அங்கிள் தன் சைக்கிளில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதிபர் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்து, “வாங்க மிஸ்டர், வாங்க,” என்றார். முன்பு சிரித்த அதே வாய். வெட்கம் என்ற ஒன்று அந்த முகத்தில் இருந்த மாதிரித் தெரியவில்லை. என் முகத்தில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மூன்று நாள் வேலை. நான் பக்கத்தில் நின்று பலகை பிடித்தேன். ஒவ்வொரு கதவும் பொருந்தும்போது, அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபண்ணிக்கொண்டேன். ‘அங்கிள், அண்டைக்கு எனக்கும் தெரியும். நான் ரசாயனம் படிப்பிக்கிறவன்.’ அதைச் சொன்னால் என் குற்றம் குறையாது, கூடத்தான் செய்யும். அதனால் சொல்லவில்லை. கோழைத்தனத்துக்கு இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கடைசிக் கதவைப் பொருத்தும்போது அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

“ஆணி, மகன்.”

கொடுத்தேன்.