நடுக்கடலில் இருந்தவள் போட்ட மோட்டார்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம், ஒரு சனிக்கிழமை மதியம். போர்ட் பிளேர் லம்பா லைனில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது.

என் மனைவிக்கு வேறொரு தீவில், ஹட் பேயில், அரசாங்க வேலை. கப்பல் டிக்கெட் கிடைக்கும் வாரங்களில்தான் வீட்டுக்கு வருவாள். அங்கே பொழுது போகாமல் வீடியோ பார்த்துப் பார்த்து எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டாள். கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து சின்னச் சின்ன போர்டுகளை வரவழைத்து, விளக்கு, ஃபேன் என்று வீட்டையே தன் போனுக்குள் கொண்டுபோய்விட்டாள். “எனக்கு மட்டும்தான் இன்னும் சுவிட்ச் வைக்கலை” என்று கிண்டல் செய்வேன். கடைசியாகத் தண்ணீர் மோட்டாருக்கும் ஒரு பெட்டி மாட்டினாள். அவள் ஹட் பேயில் பட்டனை அமுக்கினால் இங்கே மேல் டேங்க் நிறையும். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அன்று காலையிலிருந்து நெட் இல்லை. எங்கள் தீவில் அது ஒரு செய்தியே இல்லை. மதியம் கடையை அடைத்துவிட்டு வந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெட்டியில் இருந்த பட்டனை அமுக்கினேன். மோட்டார் சுற்றாமல் வெறுமனே உறுமியது. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும், வழக்கம்தான். அணைத்தேன். பெட்டியில் விளக்கு அணைந்ததையும் பார்த்தேன். பிறகு மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த விசிறியில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, கையால் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தேன். பிளக்கைப் பிடுங்கத் தோன்றவே இல்லை. அதான் அணைத்தாயிற்றே!

இறுக்கம் விட்டு விசிறி மெல்ல அசைந்தபோது, தரையில் வைத்திருந்த போன் டிங் டிங்கென்று அடித்தது. நெட் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை விசிறியிலேயே விட்டுவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மனைவி காலையில் அனுப்பிய மெசேஜ்: “கப்பல் ஏறிட்டேன். மோட்டார் போட்டிருக்கேன். ஓடுதான்னு பாருங்க.”

படித்து முடிக்கவில்லை, மோட்டார் ஓடியது. ஸ்க்ரூடிரைவர் பறந்துபோய்ச் சுவரில் அடித்து விழுந்தது. விசிறி சுழன்ற அந்த இடத்தில்தான் ஒரு நொடி முன்னால் என் விரல்கள் இருந்தன!

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் ஓடிவந்தார். “க்யா ஹுவா பாய்?” என்று, என்ன ஆச்சென்று இந்தியில் கேட்டார். “ஹாத் பச் கயா, தாதா” என்று மோட்டாரைக் காட்டினேன். கை தப்பியது அண்ணா என்று நான் சொன்னதைக் கேட்டு, அவர்தான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

மனைவிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. நடுக்கடலில் இருக்கிறவள் எப்படி மோட்டார் போடுவாள்? சாயங்காலம் கப்பல்துறைக்குப் போய், அவள் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏங்க, அது நான் காலையில அமுக்கினதுங்க! வீட்டுல நெட் இல்லாததால போகலை, அதோட போச்சுன்னு நினைச்சேன். அந்தக் கட்டளை நெட் வர்ற வரைக்கும் காத்திருந்து போயிருக்கே!”

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெட்டியைப் பிய்த்து எறிகிறேன் என்றாள். நான்தான் விடவில்லை. பழைய கட்டளை போய்ச் சேராதபடி அவளே அதை மாற்றி அமைத்தாள்.

ஆனாலும் இப்போதெல்லாம் மோட்டார் போடும் முன் எனக்குப் போன் செய்து, “உங்க கை எங்க இருக்கு?” என்று கேட்பாள். லைன் கிடைக்காவிட்டால் டேங்க் காயட்டும் என்று விட்டுவிடுவாள். அவள் கேட்கும் ஒவ்வொரு முறையும், கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும், பத்து விரலையும் ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன்.