அண்ணி பாதியில் மூடிய கதை

வாசித்துக்கொண்டிருந்த அண்ணியின் குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த கிரேக்கப் புராணக் கதைகளின் தமிழ்ப் புத்தகம் அவர் மடியில் விரிந்து கிடந்தது. சிங்கப்பூரில், சுவா சூ காங் வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான்: அண்ணன், அண்ணி, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த நான். அண்ணனுக்கு இழுவைப் படகில் வேலை. மண் ஏற்றிய தட்டையான பெரும் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனால் திரும்பச் சில நாட்கள் ஆகும். அவர் இல்லாத மாலைகளில் அண்ணி எனக்காகச் சத்தம் போட்டு வாசிப்பார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கதை கிடைத்தால் அடுப்பில் சோறு இருப்பதையும் மறந்துவிடுவார்.

அன்றைய கதையில் ஒரு ராஜா கடல் பயணம் புறப்படுகிறான். வேண்டாமென்று ராணி அழுகிறாள். போயே தீருவதென்றால் என்னையும் கூட்டிப்போ என்கிறாள். அவன் கேட்கவில்லை. புயலில் கப்பல் உடைந்து மூழ்கிப்போகிறான். அது தெரியாத ராணி, அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று தினமும் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்கிறாள். செத்துப்போனவனுக்காக வரும் அந்த வேண்டுதலைத் தெய்வத்தாலேயே தாங்க முடியவில்லை. அவன் செத்ததைச் சொல்ல அவனுடைய உருவத்திலேயே ஒரு கனவை அவளிடம் அனுப்புகிறது. தலைமுடியிலிருந்து கடல்நீர் சொட்டச் சொட்ட அவன் கட்டிலருகே வந்து நிற்கிறான். அந்த இடத்தில்தான் அண்ணி புத்தகத்தை மூடினார்.

“அவன் இல்லன்னு தெரியாமலே அவ வேண்டிக்கிட்டு இருந்திருக்கா பாரு,” என்றார்.

“கதைதானே அண்ணி, விடுங்க லா,” என்றேன்.

மறுநாள் காலை சூறைக்காற்றோடு மழை கொட்டியது. எதிரே இருந்த அடுக்குமாடி பிளாக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று அடங்கியதும் அண்ணனை அழைத்தோம், கைப்பேசி அணைந்திருந்தது. அண்ணியின் கைப்பேசியிலிருந்தே அவருடைய அலுவலகத்துக்குப் பேசினேன். படகோடு தொடர்பு அறுந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம், தெரிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அண்ணி அழவில்லை. கேள்வி எதுவும் கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் அண்ணியை வற்புறுத்தி லிட்டில் இந்தியாவில் உள்ள கோயிலுக்கு அழைத்துப்போனேன். சிராங்கூன் ரோட்டில் மல்லிகைச் சரம் வாங்கும்வரை கூடவே வந்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளேயிருந்து மணிச்சத்தம் கேட்டதும் மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“நான் உள்ள வரல.”

“ஏன் அண்ணி?”

“காப்பாத்துன்னு நான் போய்க் கேக்கும்போது, எல்லாம் ஏற்கெனவே முடிஞ்சு போயிருந்தா? சாமி என்னைப் பாவமாப் பாத்துக்கிட்டு நிக்குமே!”

அதுவரை அது அவருடைய பயமாக மட்டுமே இருந்தது. அந்த நொடியில் எனக்கும் தொற்றிக்கொண்டது. பூவைக் கையில் வைத்துக்கொண்டே இருவரும் ரயிலேறி வீடு திரும்பினோம்.

வீட்டில் அவர் படுக்கவும் மறுத்தார். “கண்ணை மூடினா வந்து நிப்பாரு. வந்து சொல்லிட்டா அப்புறம் நான் என்ன செய்வேன்?” கோப்பியைக் குடித்துக் குடித்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தன் கைப்பேசியின் ஒலியை நிறுத்தித் தலையணைக்கு அடியில் தள்ளியிருந்தது எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த நாள் பிற்பகல், மழை வலுத்திருந்த நேரம், கதவு தட்டப்பட்டது. அண்ணிதான் திறந்தார். இரும்புக் கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றார். யாருடையதோ சட்டை போட்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓடி வந்துவிட்டார்.

“ஒண்ணும் சொல்லாதீங்க! எதையும் சொல்லாதீங்க!” காதுகளைப் பொத்திக்கொண்டு அண்ணி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, “கேட்டைத் தொறம்மா, பசிக்குது லா,” என்றார்.

நான் சாவியைத் திருப்பிக் கேட்டைத் திறந்தேன். அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சூடு இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல வெகுநேரம் விடவே இல்லை.

படகுக்குள் தண்ணீர் புகுந்து என்ஜின் நின்றுபோனதாம். அலையோடு எங்கோ போனவர்களை வேறொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து காலையிலேயே அண்ணியின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது அந்த எண் மட்டும்தான்.

சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் அண்ணி அப்படியே தூங்கிப்போனார். நானும் அண்ணனும் வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். புத்தகத்தைப் பற்றியோ, கோயில் வாசலில் நடந்ததைப் பற்றியோ அவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

“சாகப்போறோம்னுகூட அவ்வளவு பயமில்ல,” என்றார் அண்ணன், மழையைப் பார்த்தபடி. “நான் போனது தெரியாம அவ கோயில்ல எனக்காக வேண்டிக்கிட்டு நிப்பாளே, அதை நினைச்சாத்தான் தாங்கல.”

நான் உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

சில மாதங்களில் அவர் கடல் வேலையை விட்டுவிட்டு சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் சேர்ந்தார். தன் நச்சரிப்புத் தாங்காமல்தான் விட்டார் என்று அண்ணி இன்றும் நம்புகிறார். நான் கல்யாணமாகி வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை முடிந்து அண்ணன் வரத் தாமதமானால் அண்ணி அவரை அழைப்பதில்லை, என்னைத்தான் கூப்பிடுவார். “நீ பேசிப் பாரு. எடுத்தா சொல்லு. எடுக்கலன்னா எங்கிட்ட சொல்லாத.”

அழைப்பேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அண்ணனின் குரல் கேட்கும்வரை எந்தச் சாமியின் பெயரும் என் வாயில் வருவதில்லை.