தலையில் வைத்த கை

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சும்மா சிரித்தாலும், இவருக்கு என்ன வேண்டுமாம் என்று பையை இறுக்கிப் பிடிப்பேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன் போனில் “நல்லா இருக்கேன்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால் போச்சு, இரண்டாவது தடவை எதற்கு என்று அன்று முழுக்க யோசிப்பேன். அப்படிப்பட்டவளைத் தாதியர் பயிற்சிக்கு எடுத்து, முதல் வருடத்திலேயே நரம்பு மண்டலத்தைப் படி என்று கொடுத்தால் கேட்கவா வேண்டும்?

இருதயம் எனக்கு அலுப்பாக இருந்தது. அது ஒரு பம்பு, அவ்வளவுதான். நரம்பு அப்படியில்லை. மூளை மண்டையோட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெளியே நடக்கும் எதையும் அது நேரில் பார்த்ததில்லை. விரல் சுட்டுவிட்டதா, காலில் அட்டை ஊருகிறதா என்று நரம்பு வந்து சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொன்னதை அப்படியே நம்பியும் விடுகிறது. யாரோ சொல்வதை இப்படி நம்பினால் உருப்படுமா என்று எனக்குக் கோபமே வந்தது. எங்கள் ஆசிரியை முள்ளந்தண்டின் பிளாஸ்டிக் மாதிரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வலிக்கிற எடத்துலதான் பழுதுன்னு முடிவு பண்ணிறாதீங்க. நரம்பு புறப்படுற எடத்துலேருந்து வழி நெடுகத் தேடணும்” என்றார். ஆகா, நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடத்தில்தான் அம்மா தலையில் கை வைத்து உட்காரத் தொடங்கினாள்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயமொன்றில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறாள். அண்ணன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த அண்ணி, வயிற்றுப் பிள்ளையோடு அம்மாவுடன் இருந்தாள். எங்கள் ஆட்கள் வீட்டில் தலையில் கை வைத்து உட்காரக் கூடாது. இழவு வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள். மற்ற நாளில் உட்கார்ந்தால் குடும்பம் விளங்காது. சின்ன வயதில் நான் அப்படி உட்கார்ந்தால் கையைப் படாரென்று தட்டிவிடுவதே அம்மாதான்.

அந்த அம்மாதான் இப்போது மலையிலிருந்து இறங்கி வந்ததும் முன்வாசல் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொள்கிறாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் சட்டென்று கையை இறக்கிவிடுகிறாள். விடுமுறைக்குப் போயிருந்தபோது இதைக் கதவிடுக்கு வழியாக நானே பார்த்தேன். மறைக்கிற ஆளிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

“பாத்தீங்களா?” என்று அண்ணி என் காதருகே வந்து சொன்னாள். “நான் மாசமா இருக்கேன்னு சொன்னதுலேருந்து இப்படித்தான். வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு அத்தைக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் ஒக்காருறாங்க.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா அந்தக் கல்யாணத்துக்கு லேசில் சம்மதிக்கவில்லை. எனக்கும் அம்மா மேல்தான் சந்தேகம் போயிற்று.

அந்த விடுமுறையில் வீடுதான் எனக்குப் பாடசாலை. கரண்டிக் காம்பால் அண்ணியின் முழங்காலுக்குக் கீழே தட்டினேன். கால் துள்ளியது, அண்ணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். தட்டிய சேதி மூளை வரைக்கும் போகாது, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணில் திரும்பி உடனே காலுக்கு வந்துவிடும், அதுதான் தெறிவினை என்று விளக்கினேன். “மூளைகிட்ட கேக்காமலேயா? நல்ல திமிருதான்” என்றாள் அண்ணி. அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எனக்கு வேல கெடக்கு. ஒன் வித்தையெல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சுக்க” என்று, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடம் நிறைந்துதான் இருந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. முதல் வளையலை மாமியார் போட வேண்டும். அண்ணி மணையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அம்மா கண்ணாடி வளையலை எடுத்தாள், அதை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள். “நான் தாலியறுத்தவ. நீ போடு” என்று அண்ணியின் தாயிடம் தட்டைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனாள். என் பெரியம்மா மகளின் வளைகாப்பில் அம்மா போடவில்லையா? அப்போது மட்டும் தாலி இருந்ததா? நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். விறகடுக்குக்குப் பக்கத்தில், நல்ல நாளும் அதுவுமாக, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரும்பினால் என் முதுகுக்குப் பின்னால் அண்ணியும் நின்றிருந்தாள்.

அண்ணி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிரசவத்துக்காக றொசல்லயிலுள்ள தாய் வீட்டுக்குப் புறப்பட்டவள், பஸ் ஏறும் முன் என்னிடம் சொன்னாள்: “புள்ள பொறந்து நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன். அத்தைக்கு என் புள்ளயக் கண்ணுலயும் காட்ட மாட்டேன். ஒங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்.” அண்ணனும் கொழும்பில் அறை பார்க்கத் தொடங்கிவிட்டான்.

நான் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் பயிற்சிக்குத் திரும்பினேன். அப்போது எங்களுக்கு நரம்பு கிளினிக்கில் பயிற்சி. முதல் நாளே வாங்குப் பலகையில் ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கும் சிங்கள மனிதர். பாவம், வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, யாருக்கு என்ன என்று மெதுவாகச் சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை, இப்படி வைத்தால்தான் கை வலி விடுகிறது என்றார்.

டாக்டர் அவரை எங்களுக்குக் காட்டி விளக்கினார். கழுத்தெலும்புகளுக்கு இடையில் நரம்பு வேர் நசுங்கியிருக்கிறது. அந்த நரம்பு பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் போகிறது. அதனால் கழுத்தில் நசுங்கினால் விரல் மரத்துப்போகும், கை குடையும். கையைத் தூக்கித் தலையில் வைத்தால் நரம்பின் இழுவை தளர்ந்து வலி குறையும். நோயாளிகள் இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்றார்.

பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்து கிள்ளுகிற விரல்கள். கூடையானாலும் பையானாலும் அம்மா கயிற்றை உச்சந்தலையில் மாட்டித்தான் பாரத்தை முதுகில் தொங்கவிடுவாள். அத்தனை பாரமும் கழுத்தில். வருடக்கணக்காக.

உடனே நம்பிவிட்டேனா? நானாவது! அம்மாவைத் தப்ப வைக்க என் மனசே கதை கட்டுகிறதோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். பௌர்ணமிப் போயா லீவுக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“கண்ண மூடிக்க. பஞ்சு படுறப்ப எல்லாம் ‘ம்’ சொல்லு.”

இடது கையில் தொட்டேன். “ம்.” வலது பெருவிரலில் தொட்டேன். கொஞ்சம் பொறுத்து, “ம்.” ஆட்காட்டி விரலிலும் “ம்.” எனக்குள் இருந்த சனியன் விடவில்லை. பஞ்சை விரலுக்கு மேலே காற்றில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

“ம்” என்றாள் அம்மா.

“நான் தொடவே இல்லம்மா.”

கண்ணைத் திறந்தாள். கரண்டிக் காம்பால் முழங்கையின் முன்பக்கத்தில் தட்டினேன். இடது கை துள்ளியது. வலது கை அசையவில்லை.

“எத்தன நாளா இப்படி? ஏன் சொல்லல?”

“சொன்னா?” என்று சீறினாள். “கை செத்தவகிட்ட எவ தன் புள்ளயக் குடுப்பா? தேத்தண்ணிக் கோப்பையே நழுவுது. பேரப்புள்ளயத் தூக்கக் குடுங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கேக்குறது?”

“வளையலு?”

“எடுத்தேன். வெரல்ல இருக்கா இல்லியான்னே தெரியல. ஏழு மாசக்காரி கைல போடுறப்ப ஒடஞ்சு தொலைஞ்சா? அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பழிய நான் சொமக்கணும்.” குரல் இறங்கியது. “தலைல கை வக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதாடி? வச்சாத்தான் கொடச்சல் அடங்குது. அதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு வச்சேன்.”

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். “விடுடி, கழுத்து வலிக்குது” என்றாள்.

அடுத்த நாளே றொசல்லக்கு ரயிலேறினேன். அண்ணிக்கு முதுகெலும்பிலிருந்து விரல் நுனி வரைக்கும் படம் போட்டு விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “நீங்க படிச்சவங்க. ஒங்க அம்மாவக் காப்பாத்த எத வேணும்னாலும் சொல்லுவீங்க” என்றாள். என்னையே ஒருத்தி சந்தேகப்படுகிறாள்! அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன்.

அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். தலையில் கயிறு போடக் கூடாது என்று சொன்னார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். விரல் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. வரச் சொல்லி எந்தச் சேதியும் இல்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, நான் வேண்டாமென்று சொல்லியும் கிளம்பினாள். நானும் போனேன். ரயிலில் நெரிசல், நின்றுகொண்டே வந்ததில் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அண்ணியின் வீட்டில் வாங்க என்றார்கள், நாற்காலி போட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள். பிள்ளையைத் தரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. வலது கையை மடியில் போட்டு இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் மடியில் கிடந்த பிள்ளையை எட்டி எட்டிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எங்கே போகத் துடிக்கிறது என்று எனக்குத் தெரியும். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. செத்தாலும் கையைத் தலைக்குத் தூக்க மாட்டாள்.

அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து அம்மாவிடம் போனாள். அம்மாவின் வலது கையை மடியிலிருந்து எடுத்துத் தூக்கி, அம்மாவின் உச்சந்தலையில் வைத்தாள்.

“அய்யய்யோ, என்னடி பண்ற? பச்சப்புள்ள இருக்கற வீட்டுல!” என்று அண்ணியின் தாய் பதறினாள்.

“அது நரம்பும்மா. நீங்க சும்மா இருங்க” என்றாள் அண்ணி.

அம்மாவின் முகத்தில் வலி மெல்ல மெல்ல இறங்குவதை அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். என்னிடமிருந்து பிள்ளையை வாங்கி, அம்மாவின் இடது கை மடிப்பில் கிடத்தினாள்.

“தலைலேருந்து கைய எடுத்துறாதீங்க, அத்தை” என்றாள்.