வளைகாப்புக்கு முன் வந்த தந்தி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் திறந்து கிடந்த வாசல் கதவைத்தான் முதலில் பார்த்தேன். தொட்டிலில் ஐந்து மாதக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. வெளியே ஓடினேன். என் மனைவி சரோஜா, சிங்கப்பூரில் எங்கள் வீட்டருகே ஓடும் ரோச்சோர் கால்வாயின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, தஞ்சாவூரில் அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. தாங்கமாட்டாள் என்று மறைத்தேன். பிரசவம் முடிந்து சொன்னபோது அவள் அழவில்லை. பிறகு பேச்சும் சாப்பாடும் குறைந்தன. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியதோடு இருந்துவிட்டேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோயாளிகளின் மனக்கவலையைக் கேட்டுப் பேசுவதற்கென்றே அங்கு ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். டாக்டர் அவரிடம் அனுப்பினார். சரோஜாவைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

"அண்ணே, உங்களுக்கா உடம்புக்கு முடியல? கொஞ்சம் சும்மா இருங்க லா" என்றார் அவர்.

மூன்றாம் வாரம் சரோஜா வாய் திறந்தாள். "அம்மா போனது தெரிஞ்சும் இவரு எனக்கு வளைகாப்பு வச்சாரு. நான் வளையலைக் குலுக்கிக்கிட்டுச் சிரிச்சேன்க்கா." சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பெண் தடுக்கவில்லை.

ஆறு மாதம் வாரந்தோறும் போனோம். இப்போதெல்லாம் ஊரிலிருந்து எது வந்தாலும் பிரிக்காமல் அவளிடம் கொடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு தந்தி வந்தது. அவளே பிரித்தாள். அவளுடைய அப்பா இறந்துவிட்டார்.