மருமகள் தந்த ஆர்க்கிட்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் நான் கொல்லைப்பக்கம் ஓடி ஒளியப் பார்த்தேன். வந்தது போலீஸ் இல்லை... என் மருமகள்!

மருமகளைப் பார்த்து மாமியாருக்குப் பயமா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சுஷ்மாவுக்குச் சொந்த ஊர் மாண்டியா. பெங்களூரில் என் மகனோடு ஒரே ஆபீஸ். காதல். நாங்களோ ஃபேக்டரி வேலைக்காக விருதுநகர் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். 'பாஷை தெரியாத பெண்' என்று ஆறு மாதம் முரண்டு பிடித்தேன். இருபது வருஷமாகச் சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுகிறவள் சொல்கிற சாக்கா அது?

கல்யாணம் முடிந்து முதல்முறை வந்தபோது, எனக்கென்று ஒரு ஆர்க்கிட் செடி கொண்டுவந்தாள். பெங்களூரில் ஏதோ பெரிய கடையில் வாங்கியது. ஊதா நிறத்தில் ஏழு பூ. "அத்தே, இது உங்களுக்கு" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். மனசு இளகிவிட்டது. அந்த ஏழு பூவை நான் கூப்பிட்டுக் காட்டாத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

அவர்கள் கிளம்பிய பிறகுதான் தொட்டியை உற்றுப் பார்த்தேன். அடக் கொடுமையே! மண்ணே இல்லை! கொஞ்சம் கரித்துண்டு, கொஞ்சம் தேங்காய் நார். வேரெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரன் இந்தப் பெண் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

ரோஜாவுக்குப் பேர்போன ஓசூரில் இருப்பவளுக்கா செடி வளர்க்கத் தெரியாது? மொட்டை மாடியில் பதினெட்டுத் தொட்டி ரோஜா வைத்திருக்கிறேனே! அதே வைத்தியம்தான் இதற்கும். செம்மண், மாட்டு எரு, தினமும் ஒரு சொம்பு தண்ணீர். நீட்டிக்கொண்டிருந்த வேர்களை மண்ணுக்குள் அமுக்கிவிட்டேன்.

பத்தே நாளில் பூவெல்லாம் உதிர்ந்தது. இலை மஞ்சளாகித் தொளதொளவென்று தொங்கியது. பாவம், பசிக்கிறதோ என்று இன்னும் கொஞ்சம் எரு வைத்தேன்!

பெங்களூர் என்னவோ பக்கம்தான். ஆனால் ஆபீஸில் ஏதோ ப்ராஜெக்ட்டாம்... நாலு மாதம் அவர்களால் வர முடியவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் சுஷ்மாவின் போன்.

"அத்தே, செடி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கும்மா!"

"என்ன போடறீங்க?"

"செம்மண்ணு, எரு, தினமும் தண்ணி. அவ்வளவுதான்!"

என் செல்போனில் கேமரா இல்லாததால் பிழைத்தேன். ஏன் பொய் சொன்னேன்? 'வேண்டாத மருமகள் கொடுத்தது, அதான் கவனிக்காமல் விட்டுட்டாங்க' என்று அவள் நினைத்துவிட்டால்?

கடைசியில் எதிர்வீட்டு மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். உத்தனப்பள்ளிக்காரி. ஒரு பூப்பண்ணையில் வேலை. செடியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, இதை எதுக்குக்கா மண்ணுல பொதைச்சீங்க? மரத்து மேல தொத்திக்கிட்டுக் காத்துல வளர்ற செடி இது. இதுக்கு மண்ணே ஆவாது!"

"அப்போ எரு?"

"எருவா!" என்று சிரித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டியைக் கவிழ்த்தோம். பாதி வேர் கூழாகி நாறியது. அழுகியதையெல்லாம் பிளேடால் நறுக்கினாள். கெட்டியாக மிஞ்சியது மூன்றே வேர். வெட்டிய இடத்தில் மஞ்சள் தூள் தடவி, ஒருநாள் நிழலில் காயவைத்தோம். தெருமுனை இஸ்திரி வண்டியில் கேட்டு வாங்கிய கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை... இவற்றின்மேல் உட்காரவைத்து, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்தோம்.

"வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி ஊத்துங்க. மத்த நாளு கிட்டயே போவாதீங்கக்கா. சும்மா உடுங்க."

சும்மா விடுவதா? நானா? சொம்பும் கையுமாகப் போவேன்... ஜன்னலருகே பேப்பர் படிக்கிற சாக்கில் காவல் இருக்கும் என் வீட்டுக்காரர் விரட்டிவிடுவார். இரண்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. திடீரென்று ஒரு காலையில், அடித்தண்டில் பச்சை முனையோடு புது வேர்! அரிசி அளவுதான். "பொழைச்சுக்கிச்சு!" என்று நான் கத்தியதில் அவர் காபியைக் கொட்டிவிட்டார்.

ஆனால் போனில் சொன்ன பொய்யை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. இந்த லட்சணத்தில்தான் போன ஞாயிறு ஆட்டோ வந்து நின்றது. மகனுக்கு அன்றைக்கும் ஆபீஸாம். சுஷ்மா தனியாக இறங்கினாள். முகம் வாடியிருந்தது. கையில் ஒரு பை. பைக்குள் தொட்டி. தொட்டி நிறையச் செம்மண். அதில் மஞ்சளாகித் துவண்டுபோன இன்னொரு ஆர்க்கிட்!

"அன்னிக்கு ஜோடியா ரெண்டு வாங்கினேன் அத்தே. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நீங்க போன்ல சொன்ன மாதிரியேதான் பண்ணினேன். உங்களுக்கு மட்டும் நல்லா வருது... என் கை சரியில்ல" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனேன். இரண்டே இலையோடு நின்ற செடியைக் காட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"எனக்கு செடி மேல அப்படி ஒண்ணும் ஆசை இல்ல அத்தே. உங்ககிட்ட வேற என்ன பேசறதுன்னு தெரியல. அதான் வாரா வாரம் அதையே கேட்டேன்."

பைத்தியக்காரப் பெண்ணே என்று கட்டிக்கொண்டேன். அப்புறம் என்ன... பிளேடு, மஞ்சள் தூள், கரி. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அவள் செடிக்கு வைத்தியம் பார்த்தோம்.

நேற்று சுஷ்மா போன் பண்ணினாள். முக்கால் மணி நேரம் பேசினோம். செடியைப் பற்றிக் கேட்க இரண்டு பேருமே மறந்துவிட்டோம்!