கானாங்கோழிக்குக் கட்டிய மஞ்சள் துணி

என் வீட்டுக்காரருக்கு என்னைவிடக் கானாங்கோழி மேல் அக்கறை ஜாஸ்தி. இதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவரும் மறுத்ததில்லை.

தொண்ணூறுகளில் நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் அதைத் தாண்டி ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். இரண்டு பேருக்கும் சைக்கிள்தான். ஒருநாள் மெயின் ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போனதில் பள்ளத்தில் விழுந்தேன். அதற்கப்புறம் ரோடு என்றாலே உதறல். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் ரோட்டுக்குப் பதிலாக ஏரிக்கரைமேல் சைக்கிள் போகிற மாதிரி மண் கொட்டி, ஓரத்துக் கோரையை வெட்டப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. அவருக்குப் போனது.

"கோரைல கானாங்கோழி முட்டை வெச்சிருக்குது. வெட்டிட்டா அது எங்க போவும்?"

"நான் பஸ்ஸுக்கு அடில போனா பரவால்லியா?"

மறுநாள் கூடு இருந்த புதரோரம் குச்சி நட்டு, என் பழைய மஞ்சள் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்தார். வெட்டுகிறவர்களுக்கு அடையாளமாம். எட்ட இருந்தே தெரியட்டும் என்று மஞ்சளை எடுத்தாராம். அறிவியல் மூளை!

வெட்ட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் புதரை விட்டுவிட்டார்கள். ஆடி மாசம் வேறு. முதல் வெள்ளி ஒரு கல்லும் குங்குமமும் வந்தன, அடுத்த வெள்ளி கரைமேல் கூழே ஊற்றினார்கள். சாமி இல்லை என்று பேசுகிறவர் நட்ட சாமி. என் புடவைக்குச் சூடம். அங்கே எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். புதருக்குள் கால் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"உண்மையச் சொல்லிடலாங்க" என்றேன்.

"சும்மா இரு. குஞ்சு பொரியட்டும்."

ஒருநாள் காலையில் அங்கே சைக்கிளை விட்டு இறங்கியபோது, கோழி பாதையைக் கடந்தது. பின்னால் கரித்துண்டு மாதிரி குஞ்சுகள். அப்படியே நின்றேன். முதுகுக்குப் பின்னால் விடாமல் பெல். திரும்பினால் நம் வாத்தியார்.

"ஏன் நின்னுட்ட? ப்ரேயருக்கு டைம் ஆவுது, வழி விடு."

"உங்க ஆளுங்கதான் போறாங்க. இறங்குங்க."

எட்டிப் பார்த்தார். இறங்கினார். கடைசிக் குஞ்சு கோரைக்குள் மறைகிறவரை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"நீ ரோட்டுல போனவரைக்கும் எனக்குக் காலைல பாடமே ஓடல. ஆபீஸ் போய்ச் சேந்துருப்பியான்னுதான் இருக்கும்."

இதை இத்தனை நாள் சொல்லாத மனுஷனை என்ன செய்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லேட்டாவுது, நடங்க" என்றேன்.