விழுவதற்கு என்னைக் கூப்பிடவில்லை

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஐகிடோ பழகினேன். அடிக்க வருகிறவரின் வேகத்தைக் கொண்டே அவரைச் சாய்த்துவிடும் ஜப்பானியக் கலை அது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால், தேவாலயத்தில் பழக்கமான ஒரு தங்கச்சியை நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆசிரியை ஜப்பானில் பல வருடங்கள் பழகிவந்த ஜேர்மன்காரி. புதிய பிடியொன்றைக் காட்டும்போது வரிசையில் ஒருவரைக் கண்ணால் கூப்பிடுவார். அவர் ஓடிப்போய் ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடிக்க, ஆசிரியை அவரை எல்லோர் முன்னாலும் தூக்கி எறிவார். அங்கே அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அப்படி அடிக்கடி விழுகிறவரிடம்தான் பிறகு வகுப்பைக் கொடுப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வருடத்திலிருந்து நான் கூட்டிக்கொண்டு போன அந்தத் தங்கச்சியையே கூப்பிட்டார். நான் முழங்கால் நோக நோக முன்வரிசையில் இருந்தேன். ஒருத்தி தரையில் விழுவதைப் பார்த்து வயிறெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கா விழத் தெரியாது? வீட்டில் மெத்தையை நிலத்தில் போட்டு விழுந்து பழகினேன்.

"கட்டிலுக்கு என்னப்பா குறை?" என்று கணவர் கேட்டார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஆசிரியையிடமே காரணம் கேட்டேன். பயிற்சியில் யாரோடு பழகினாலும், அவர் எறிவதற்கு முன்பே நான் விழுந்துவிடுகிறேன் என்றார். எனக்கு அது நொண்டிச்சாக்காகவே பட்டது.

மூன்றாம் வருடம், புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்பை அவளிடம் கொடுத்தார். முதல் நாளே, அவர்களுக்கு ஒரு பிடியைக் காட்டவென்று அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒருக்கா வாங்கோ."

"ஓம், வாறன்."

சிரித்துக்கொண்டுதான் போனேன். ஆனால் விழுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். புதியவர்கள் முன்னால் அவள் அவமானப்படட்டும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து மரம் மாதிரி நின்றேன். அவள் அவசரப்படவில்லை. இடுப்பை மெல்லத் திருப்பினாள். அடுத்த கணம் மண்டபத்துக் கூரையின் விளக்குகள் தெரிந்தன. எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை.

"நோகேல்லைத்தானே அக்கா?" என்று குனிந்து கேட்டாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "இண்டைக்குத்தான் நீங்கள் உண்மையா விழுந்தனீங்கள்" என்றாள்.

நோகவில்லை. அவ்வளவு நல்ல கை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. எழும்பி, முறைப்படி அவளுக்குக் குனிந்து வணங்கினேன். பிறகு அவள் கூப்பிடாமலே மறுபடியும் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"இன்னொருக்கா" என்றேன்.